கழுவிய மணல்

அத்தியாயம் 17

ஐந்தில் மூன்று போய்விட்டன. மிச்சம் இரண்டும் நீல வாளிக்குள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அப்துல் ரவூப் குனிந்து பார்த்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது.

"அத்தா, நிழல் விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் ஸமீரா.

அவர் தள்ளி நின்றார்.

மகள் கோபப்பட்டிருந்தால் தேவலை. கத்தியிருந்தால் இன்னும் நல்லது. மூன்று நாளாக அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. செத்த மீனைக் கரண்டியால் எடுத்து, பழைய தினசரியில் சுற்றி, மாடித் தொட்டிச் செடியில் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டாள். மூன்று முறையும் அப்படித்தான்.

எல்லாம் அவர் செய்த வேலை. ரங்கூனின் பயின்னவுங் சந்தையில் நாற்பது வருடம் பருப்புத் தரகு செய்தவர் அவர். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினால் போதும். உளுந்தில் எத்தனை கல், எவ்வளவு தூசி, எந்த ஊர்ச் சரக்கு என்று எடை போடாமலே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு, கூடத்தில் இருந்த மகளின் கடல் மீன் தொட்டி உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் பளிங்காக இருந்தது. அடியில் கிடந்த மணல்தான் சகிக்கவில்லை. சாம்பல் நிறம், ஒன்றுக்கொன்று சேராத பருமன், சிப்பித் துண்டு, புழு போன இடம், அங்கங்கே பச்சைப் பாசி.

போன வாரம் ஸமீரா தோழியின் கல்யாணத்துக்காக மாவ்பிக்குப் போனபோது அவர் துணிந்து இறங்கிவிட்டார். மீன்களை அவற்றின் தண்ணீரோடு பத்திரமாக வாளிக்கு மாற்றினார். மணலை அள்ளினார். சல்லடையில் போட்டுச் சலித்தார். பெரும் துண்டுகளைக் குப்பையில் கொட்டினார். மிச்சத்தைக் குழாயடியில் ஏழு தண்ணீர் விட்டு, கழுநீர் தெளியும் வரை அலசி, பால்கனியில் காய வைத்தார். குறைந்துபோன அளவுக்குக் கடையில் வெள்ளை மணல் வாங்கி மேலே தூவி, மீன்களைத் திரும்ப விட்டார். மகளுக்காகத் தன் கையால் ஒரு காரியம் செய்தோம் என்று அன்று அவருக்கு மனம் நிறைந்திருந்தது.

ஸமீரா வந்தாள். பையைக் கீழே வைத்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"கழுவிட்டீங்களா?"

"ஏழு தண்ணி" என்றார் அவர் பெருமையாக.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானு கோடி உயிர் இருந்தது என்பதும், மீனின் கழிவில் ஊறும் நஞ்சைத் தின்று தீர்த்ததே அந்த உயிர்கள்தான் என்பதும் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அவை அத்தனையையும் அவர் குளியலறைச் சாக்கடையில் விட்டிருந்தார்.

"அம்மோனியா ஏறிக்கிட்டே இருக்கு அத்தா" என்றாள் ஸமீரா இப்போது. சின்னக் கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். உள்ளே இருந்த தண்ணீர் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியிருந்தது. "வாளித் தண்ணிய மாத்தி மாத்தி ஓட்டிக்கிட்டிருக்கேன். இன்னிக்குத் தொட்டிய எழுப்பலன்னா இதுங்களும் நிக்காது. கடல் மணல் வேணும்."

"நீ போய்ப் பாத்து வாங்கிட்டு வாம்மா. நான் மீனைப் பாத்துக்கிறேன்."

அவள் வாளியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நான் இங்க இருக்கேன் அத்தா. நீங்க போங்க."

அவருக்குப் புரிந்தது.

அவள் உள்ளே போய் மருந்துக் குப்பி ஒன்றில் வினிகர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். "மணல் மேல நாலு சொட்டு விடுங்க. நுரைச்சா அது பவளம், சிப்பி உடைஞ்ச மணல். அதுதான் வேணும், அரை வாளி. நுரைக்கலன்னா ஆத்து மணல், வேண்டாம். கூடவே யார்கிட்டயாவது ஓடிக்கிட்டிருக்கிற தொட்டியிலேருந்து பழைய மணல் ஒரு டப்பா கேளுங்க."

"சரி."

"அந்தப் பழைய மணலைக் கழுவாதீங்க. அவங்களையும் கழுவ விடாதீங்க."

அடுப்படியிலிருந்து மனைவி ஹமீதுன்னிசாவின் குரல் வந்தது. "கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். ஒரு தேத்தண்ணி கப்பைக் கழுவி வச்ச மனுசன் இல்ல. மணலைக் கண்டதும் கழுவத் தோணிருக்கு பாரு!"

ரவூப் செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார்.

நாலு தெரு தள்ளி இருந்த அலங்கார மீன் கடையில் பர்மியப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மணல் என்றதும் ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டினாள். சர்க்கரை போல இருந்தது. அவர் கை தானாக உள்ளே போனது. ஒரே சீரான பருமன். தூசி இல்லை. விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பருப்பாக இருந்தால் அந்த நிமிடமே விலை பேசியிருப்பார்.

குப்பியைத் திறந்து நாலு சொட்டு விட்டார். மணல் நனைந்தது. அவ்வளவுதான். இன்னும் நாலு சொட்டு. காதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஊலே, மணலில் தோக் சாலட் பிசையப் போகிறீர்களா? மிளகாய், வெங்காயம் கொண்டுவரட்டுமா?" என்று மாமா முறை வைத்துப் பர்மியில் கேட்டுச் சிரித்தாள் கடைக்காரி.

அவரும் சிரிக்க முயன்றார். விஷயத்தைச் சொன்னார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது இங்கே கிடைக்காது. ஷ்வேப்யிதாவில் முரளி அண்ணனின் மீன் கொட்டகைக்குப் போங்கள். உங்கள் மகள் மாதம் இரண்டு முறை அங்கேதானே போகிறாள்?" என்றாள்.

ரவூப் ஆமாம் என்பது போல் தலையசைத்தார். அந்த விஷயம் அவருக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

டாக்ஸியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தொழிற்சாலைச் சுவர்களைத் தாண்டி, மழைத் தண்ணீர் தேங்கிய சந்து ஒன்றின் முடிவில் கொட்டகை இருந்தது. தகரக் கூரை. உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. கட்டம் போட்ட லுங்கியை மடித்துக் கட்டியிருந்த நாற்பது வயதுக்காரர் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார்.

"வாங்க பாய். ஸமீரா அத்தாதானே? மூக்கைப் பாத்தாலே தெரியுதே. நான்தான் முரளிதரன்."

"மகள் இங்க வருவாளா?"

"வருமாவா! சண்டே வந்துச்சுன்னா போகச் சொன்னாலும் போகாது. வாயே திறக்காது. ஆனா எந்தத் தொட்டியில எது சரியில்லைன்னு எனக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிடும். என்னா வேணும், சொல்லுங்க."

சொன்னார். ஏழு தண்ணீர் விட்டதையும் மறைக்காமல் சொன்னார். முரளிதரன் உச்சுக் கொட்டினார்.

"ஏழா? எங்க வீட்ல அரிசிக்கே மூணுதான் பாய்."

மூன்று தட்டுகளை வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார். முதல் தட்டில் வெள்ளை மணல். ரவூப்பின் கை அதை நோக்கி நீண்டது, பாதியில் இழுத்துக்கொண்டார். இரண்டாவதில் மஞ்சள் பாய்ந்த வெள்ளையில் சிறு குச்சிகளும் ஓட்டுத் துண்டுகளும் கலந்து கிடந்தன. நொய்யும் முழுசும் கலந்த மட்ட ரகம் என்று சந்தையில் ஒதுக்கியிருப்பார். வினிகரை விட்டார்.

சுர்ரென்று நுரைத்துப் பொங்கியது.

"பொங்குது!" என்றார், சத்தமாகவே.

"பொங்கும் பாய். மெர்குயிப் பக்கத்துக் கடலோரத்துச் சரக்கு. தண்ணி புளிச்சுப் போகாம இது பாத்துக்கும்."

மூன்றாவது தட்டில் சாம்பல் நிறச் சேறு மாதிரி இருந்தது. வற்றிய கடலின் வாடை வந்தது. நூல் போல ஒரு புழு நெளிந்து உள்ளே போயிற்று. ரவூப் முகம் சுளித்தார்.

"இது என்ன, இவ்வளவு அழுக்கா?"

"எட்டு வருஷம் ஓடுன தொட்டியோட மணல். நீங்க கழுவிக் கொட்டினது இதைத்தான்."

ரவூப் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வருடத் தொழிலில் அவர் கை ஒதுக்கித் தள்ளக் கற்றது எல்லாம் அந்தத் தட்டில் இருந்தது.

முரளிதரன் பவள மணலை வாளியில் கொட்டினார். சாம்பல் மணலைக் குவளையால் அள்ளி, கடல் தண்ணீரோடு டப்பாவில் நிரப்பினார். அள்ளிக்கொண்டே பேசினார். "மூடியை இறுக்கிடாதீங்க, மூச்சு முட்டும். வெயில்ல வைக்காதீங்க. தங்கச்சி மாசக் கடைசியில கிளம்பினப்புறம் தொட்டி யாரு பொறுப்பு? நீங்கதானா?"

"எங்க கிளம்புறா?"

குவளை நின்றது.

"தெரியாதா பாய்?"

முரளிதரன் தலையைச் சொறிந்தார். மெர்குயியில் கடல் மீன் குஞ்சு பொரிக்கிற பண்ணை ஒன்று இருப்பதையும், அங்கே ஆய்வுக்கூட வேலைக்கு ஆள் கேட்டதையும், ஸமீராவின் பேரைத் தானே எழுதி அனுப்பியதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது.

"வீட்ல கேட்டியா தங்கச்சின்னு கேட்டேன். கேக்கலன்னுச்சு. ஏம்மா, அத்தா கோவக்காரரான்னேன். இல்ல, நல்லவருன்னுச்சு. அதுக்கு மேல பேசல." அவர் இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் டப்பாவுக்கு மூடி தேடப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் டாக்ஸிக்காரர் வாளியைப் பின்னால் வைக்கச் சொன்னார். ரவூப் கேட்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். டப்பாவை ஈரத் துண்டால் சுற்றி இரு கையாலும் பிடித்துக்கொண்டார். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்த காவலன், "என்ன இது?" என்றான். "மணல்" என்றார். அவன் ஒரு தரம் வாளியையும் ஒரு தரம் அவர் தாடியையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

நல்லவர்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஸமீரா பள்ளி இறுதியான பத்தாம் வகுப்பைத் தேறியதும் மௌல்மீன் கல்லூரியில் கடலியல் படிக்க விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்து அவர் முன் நீட்டினாள். தகப்பன் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது. பெண்பிள்ளையைத் தனியாக வெளியூர் அனுப்ப அவருக்கு மனமில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அழுதிருப்பாள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பாள். அவரும் ஒருவேளை இளகியிருப்பார். அவர் அப்படிச் சொல்லவில்லை. "சரிம்மா, வச்சிட்டுப் போ, போடுறேன்" என்றார். கடை இழுப்பறையில் மாதிரிப் பொட்டலங்களுக்கு அடியில் வைத்தார். அவள் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் சரி என்றார். கடைசித் தேதி தானாகப் போயிற்று.

அதன் பிறகு அவள் எதையும் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. ரங்கூனிலேயே விலங்கியல் படித்தாள். சம்பாதித்த முதல் பணத்தில் கண்ணாடித் தொட்டி வாங்கினாள். பர்மியர்கள் ஆனாடெ என்பார்கள், எதிராளி மனம் நோகுமே என்று வாய் திறக்காமல் இருந்துவிடுவதை. மகளின் மௌனம் அந்த ரகம் என்று அவர் இத்தனை நாள் எண்ணி, அதை நல்ல குணமென்று நாலு பேரிடம் சொல்லியும் இருந்தார்.

வீடு வந்து சேரும்போது மூன்று மணி. இரண்டு மீனும் உயிரோடு இருந்தன.

ஸமீரா டப்பாவை முதலில் திறந்தாள். முகர்ந்து பார்த்தாள். உள்ளே புழு நெளிவதைக் கண்டதும் அவள் முகம் மூன்று நாளில் முதல் தடவையாக லேசானது.

"நல்ல மணல் அத்தா."

முரளி பேரை அவர் எடுக்கவில்லை. அவளும் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை.

அவர் கழுவிய மணல் ஏற்கெனவே தொட்டியிலிருந்து போயிருந்தது. பவள மணலை உப்புத் தண்ணீரில் ஒரே ஒரு முறை அலசிப் பரப்பினாள். சாம்பல் மணலை மேலே கையால் தூவினாள். மணல் கலங்காமலிருக்க அதன் மேல் ஒரு தட்டை வைத்து, தண்ணீரைத் தட்டில் விழும்படி ஊற்றச் சொன்னாள். அவர் ஊற்றினார். முக்கால் தொட்டி நிறைய அரை மணி நேரம் ஆனது. பிறகு தொட்டித் தண்ணீரை டம்ளரில் மொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாளியில் விட்டு மீன்களைப் பழக்கினாள். கடைசியில் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி இறக்கினாள்.

மீன்கள் மேலேயே நின்றன. மூலையில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

ஐந்து மணிக்குக் கரண்ட் போயிற்று. காற்று அடிக்கும் மோட்டார் நின்றது. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் காலையிலிருந்து வாளியில் ஓடித் தீர்ந்திருந்தது.

"கரண்டி எடுங்க அத்தா. தண்ணிய மொண்டு உசரத்துலேருந்து ஊத்தணும். அதுல காத்து கலக்கும்."

ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மொண்டு ஊற்ற ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம் அவள் ஒரு குவளையோடு நின்றாள். ஜன்னலில் மஞ்சள் வெயில் இருந்தது.

"முரளி சொன்னாரு" என்றார்.

ஸமீரா ஊற்றுவதை நிறுத்தவில்லை. "சொல்லிட்டாரா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா நீங்க சரின்னுடுவீங்க அத்தா."

அவள் குரலில் குத்தல் இல்லை. குழாயின் நிறத்தைப் பார்த்து அளவு சொல்வாளே, அதே குரல்.

இந்த வீட்டில் 'சரி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவள் எதிரே நின்றாள். கோபத்துக்கு எதிர்க் கோபம் காட்டலாம். இதற்கு என்ன காட்டுவது?

"அப்ப என் பேர்ல தப்பு இருந்துச்சு" என்றார். ஒன்பது வருடம் கழித்துச் சொல்லும்போது அது மிகவும் சின்னதாகக் கேட்டது. "அந்தத் தாளை நான் மறக்கலம்மா. வேணும்னுதான் விட்டேன்."

"தெரியும் அத்தா."

"எப்பலேருந்து?"

"அப்பவே. கடைக்கு வந்தப்ப இழுப்பறைல பாத்தேன்."

அவர் கரண்டியை இறக்கி மொண்டார். பாதி வெளியே சிந்தியது.

"பதில் எழுதிட்டேன்" என்றாள் அவள். "இருபத்தெட்டாம் தேதி போகணும்."

வாசல்படிப் பக்கம் ஏதோ அசைந்தது. ஹமீதுன்னிசா சார்ஜ் விளக்கோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அந்தப் பக்கம் ரோடே சரியில்லங்கிறாங்க" என்றாள்.

ஸமீரா திரும்பினாள். "ஏரோப்ளேன்லதாம்மா."

"தெரியும். கடுதாசில போட்டிருந்துச்சு. தலையணை உறை மாத்தறப்ப கிடைச்சது. நீயா சொல்லுவேன்னு பத்து நாளா காத்துக்கிட்டிருக்கேன்." ஹமீதுன்னிசா விளக்கைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். கோபமாகப் பேசுகிறவள்தான். இன்று குரல் தாழ்ந்திருந்தது. "உங்க அத்தாகிட்ட கேக்கல. சரி, அதுக்கு ஒரு நியாயம் இருக்கு. நான் என்னடி பண்ணினேன்?"

ஸமீரா குவளையில் மறுபடி மொண்டாள்.

"கேக்காததுதான் சரி" என்றார் ரவூப். "கேட்டிருந்தா அவ போயிருக்க மாட்டா."

ஹமீதுன்னிசா கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள். "கடுதாசிக்குப் பின்னால ஒரு ஃபாரம் இருந்துச்சே. பொம்பளைப் பிள்ளைங்க அங்க விடுதில தங்கணும்னா வீட்டு ஆம்பளை கையெழுத்து வேணும்னு. அதை எப்படி அனுப்பினே?"

தண்ணீர் விழும் சத்தம் ஒரு பக்கம் மட்டும் கேட்டது. ஸமீராவின் குவளை நின்றிருந்தது.

"சொல்லுடி. யாரு போட்டா?"

"முரளி அண்ணன்" என்றாள் ஸமீரா, தரையைப் பார்த்து. "சித்தப்பான்னு எழுதிப் போட்டாரு."

"முரளிதரன் உனக்குச் சித்தப்பாவா? பேரைப் படிக்கிறவன் கேக்க மாட்டானா? நாளைக்கு அங்க போய் நின்னப்புறம் கண்டுபிடிச்சான்னா?"

ரவூப்புக்கு மனைவி கேட்டது காதில் ஏறவில்லை. தகப்பன் போடவேண்டிய இடம். நாலு தொட்டிக்காரன், முன்பின் உறவில்லாதவன், கேட்டதும் பேனாவை எடுத்திருக்கிறான். டப்பாவுக்கு மூடி தேடப் போனானே, அப்போது சொல்ல வாயெடுத்தது இதைத்தான். அவர் கை அந்தரத்தில் நின்றது. கரண்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

தொட்டியின் மூலையில் ஒரு மீன் பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்தது.

"நிறுத்தாதீங்க அத்தா" என்றாள் ஸமீரா. "அதுக்குக் காத்து வேணும்."

அவர் மறுபடி மொண்டார்.